கெம்பி செதுக்கிய நடுப்பங்கு

முன்னொரு காலத்திலே, கரடிகள் வாய் திறந்து பேசின காலத்திலே, மூன்று மலைகள் இருந்தன. "கரடி பேசுமா? சும்மா கரடி விடாதே" என்று இப்போதே ஒருத்தர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பேசுகிற கரடி ஒன்று வரத்தான் போகிறது. நம்ப முடியாதவர்கள் எழுந்து போகலாம், மற்றவர்கள் காலை நீட்டி வசதியாக உட்காருங்கள்.

அந்த மூன்று மலைகளில் மூன்று குடிகள் வாழ்ந்தார்கள். சாமைமலையில் சாமை விதைக்கிறவர்கள். தேன்மலையில் பாறையில் தொங்கித் தேன் எடுக்கிறவர்கள். எருமைமலையில் எருமை மேய்க்கிறவர்கள். மூன்று மலைக்கும் நடுவில் ஒரு பெரிய புல்வெளி, மூன்று குடிக்கும் பொது.

ஆண்டுக்கு ஒரு முறை, பனிக்காலம் முடிகிற வாரத்தில், காலைப் பனி காய்ந்தும் காயாமலும் இருக்கிற நேரம் பார்த்து அந்தப் புல்லுக்குத் தீ வைப்பார்கள். அதற்குக் குளிர்நெருப்பு என்று பெயர். முழங்காலுக்கு மேல் எழும்பாது. காய்ந்த பழம்புல்லை மட்டும் மேய்ந்துவிட்டு அடங்கிவிடும். எரிந்த இடத்தில் இளம்புல் வரும், பூ வரும், தேனீ வரும். உண்ணிமுள் புதர் தலையெடுக்காது, ஊற்று வற்றாது.

தீ எல்லை தாண்டிவிடக் கூடாதே, அதற்காகப் புல்வெளியைச் சுற்றி மண் தெரியச் செதுக்கி ஒரு கோடு போடுவார்கள். ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்தைத் தன் எல்லைக்கல் வரை செதுக்கும். ஓர் ஊரின் கல்லுக்கும் அடுத்த ஊரின் கல்லுக்கும் நடுவே முந்நூறு தப்படி மிச்சம் இருக்கும். அதுதான் நடுப்பங்கு. அதை இரண்டு ஊராரும் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் தொடங்கி, மண்வெட்டியும் மண்வெட்டியும் முட்டும்வரை செதுக்க வேண்டும்.

அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் ஓர் ஊர் பச்சை இலை போட்டுப் புகை எழுப்பும். மற்ற இரண்டு ஊரும் பதில் புகை போடும். பதில் வராமல் நடுப்பங்கில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஏனென்றால், தனியாக ஒருத்தர் நடுப்பங்கைச் செதுக்கினால், "எதிரே இருந்த ஊர் செத்துப்போயிற்று, இனி அவர்கள் பங்கும் எங்கள் தலையில்" என்று அர்த்தம். கொள்ளி வைப்பதற்குச் சமம் அது. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கையில் மஞ்சுமாயன் என்று ஒரு மந்திரவாதி கீழ்நாட்டு ராஜாவிடம் போனான். ஏதோ ஒரு வித்தை காட்டி மயக்கிவிட்டு, "எனக்கு அந்த மூன்று மலையும் வேண்டும்" என்றான்.

ராஜா யோசித்தார். "ஆள் இருக்கிற மலையை நான் எப்படிக் கொடுப்பது? ஏழு வருஷம் தருகிறேன். ஏழு வருஷம் கழித்து அங்கே ஆள் இல்லை என்றால் எடுத்துக்கொள்."

ஆளை விரட்ட மஞ்சுமாயன் படை திரட்டவில்லை, பூதத்தை ஏவவில்லை. அவன் கெட்டிக்காரன். புல்வெளியின் நடுவே போய் உட்கார்ந்து, இடுப்பில் இருந்த சுரைக்குடுக்கையை அங்கே வைத்து அதன் மூடியைத் திறந்துவிட்டான். அவ்வளவுதான். குடுக்கையிலிருந்து மூடுபனி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு மலை இன்னொரு மலைக்குத் தெரியாமல் போயிற்று. சத்தம் கேட்காமல் போயிற்று. பனிக்குள் இறங்கி நடந்தவர்கள் நேராகத்தான் நடந்தார்கள், கடைசியில் தங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்கள். கீழ்நாட்டுக்கு இறங்குகிற வழி மட்டும் திறந்திருந்தது, அங்கிருந்து அடுத்த மலைக்கு ஏறினாலும் பனிதான்.

அந்தக் காலையில் சாமைமலையின் புகைக்காரி கெம்பி ஒரு துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். புகைப்பாறையைக் காவல் காத்து, வேளை அறிந்து புகை போடுகிறவள்தான் புகைக்காரி. அவளுடைய அக்கா மாதி தேன்மலையில் வாழ்க்கைப்பட்டவள், அன்றைக்கு நிறைமாதம். பிள்ளை பெற்றவளுக்கு அந்த மலைகளில் ஓர் உருண்டை கொடுப்பார்கள். வறுத்த சாமைமாவு, மலைத்தேன், எருமை நெய் மூன்றும் சேர்த்துப் பிடித்தது. அதைத் தின்றால்தான் பெற்றவள் எழுந்து நடப்பாள். ஒரு மலையிடம் மூன்றும் கிடையாது. மாவு கெம்பி கொண்டுபோக வேண்டியது. மூட்டையோடு பனிக்குள் இறங்கினாள். தன் வாசலில் வந்து நின்றாள். மறுபடி இறங்கினாள். மறுபடி வந்து நின்றாள். மூன்றாம் முறை ஓடினாள். ஓடியும் அதே வாசல்தான்.

பாறையில் ஏறிப் புகை போட்டாள். பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் குளிர்நெருப்புக்குப் புகை போட்டாள். பதில் வரவில்லை. ஊரார் அவரவர் பங்கைக் கல் வரை செதுக்கினார்கள், கல்லருகே நின்றார்கள், திரும்பி வந்தார்கள்.

"நம்மள மறந்துட்டாங்க" என்றார்கள் சிலர். "அவங்களுக்கு நம்ம தயவு வேணாம்போல" என்றார்கள் சிலர். நெருப்பு விழாத புல் ஆள் உயரத்துக்குக் கிழடுதட்டியது. அதில் உண்ணிமுள் ஏறியது. ஊற்று வற்றியது. நாற்பது குடும்பம் இருபது ஆயிற்று, இருபது ஐந்தாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் பானை சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுக்கு இறங்கும்போது, "நீயும் வந்துடு கெம்பி" என்று கூப்பிட்டது.

"பதில் புகை வர்றப்ப பாக்க ஆள் வேணுமில்ல?" என்பாள் கெம்பி.

ஆறாம் வருஷம் கடைசிக் குடும்பமும் போயிற்று. நாற்பது வீட்டு மலையில் கெம்பி ஒருத்தி. தனிமை என்றால் சும்மா இல்லை. கேட்க யாரும் இல்லாதபோது மனிதருக்குத் தன் குரல்கூட அந்நியமாகிவிடும். அவள் அடுப்போடு பேசிப் பார்த்தாள், அலுத்தது. காலி வீடுகளை ஒவ்வொன்றாகப் பெருக்கினாள். ஒவ்வொரு பனிக்காலத்திலும் சாமையை வறுத்து, இடித்து, புதிதாக மூட்டை கட்டி ஆணியில் மாட்டினாள். அக்கா உயிரோடு இருக்கிறாளா? அவளுக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான். வேறு எதுவும் வேண்டாம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஏழாம் வருஷம். பனிக்காலம் முடிய ஒரு மாதம். கெம்பியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கறையான் புற்றை ஒரு கரடி பறித்துக்கொண்டிருந்தது. இதோ, கேட்டீர்களே, அந்தக் கரடிதான்.

"என்ன பாக்கற?" என்றது கரடி. "தேன் தின்னு ஏழு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் போனா திரும்ப என் குகைக்கே வந்து நிக்கறேன். கறையானத் தின்னு வயித்தக் கழுவறேன். இதுல உனக்கு வேடிக்கை வேற."

கெம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயத்தால் இல்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் ஒருவர் பேசுகிறார்.

"இன்னும் கொஞ்சம் பேசு" என்றாள்.

"பேச என்ன இருக்கு? பனி பனியாத்தான் இருக்கு. நான் பறிச்ச இடத்துல மட்டும்தான் கொஞ்சம் கண்ணு தெரியுது."

கெம்பி குனிந்து பார்த்தாள். கரடி நகத்தால் பறித்துப் போட்ட ஈரமண்ணின் மேல் பனி இல்லை. அதைச் சுற்றிய கிழட்டுப் புல்லிலோ சிலந்திவலைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பனிக்கு வேர் புல்லில் இருந்தது. புல் போன இடத்தில் அதற்குக் கால் இல்லை.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வெறும் மண்ணாகச் செதுக்கிக்கொண்டே போனால் தேன்மலைக்குப் போய்விடலாம். ஆனால் செதுக்க வேண்டியது நடுப்பங்கை. பதில் புகை வராமல், தனியாக. அதன் அர்த்தம் என்ன? தேன்மலை செத்துப்போயிற்று என்று அர்த்தம். தன் வாயால் சொல்ல மறுத்ததை ஏழு வருஷம் கழித்துத் தன் கையால் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் காலை மூட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டாள், மண்வெட்டியை எடுத்தாள், தன் எல்லைக்கல்லைத் தாண்டினாள். முதல் வெட்டு விழும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது. சரக், சரக் என்று செதுக்கினாள். பனி இரண்டு பக்கமும் ஒதுங்கிற்று. முதல் நாள் நூறு தப்படி.

சாயங்காலம் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மஞ்சுமாயன்தான்.

"யாருக்காகச் செதுக்குகிறாய், பெண்ணே? அவர்கள் உன்னை மறந்து ஏழு வருஷம் ஆகிறது."

கெம்பி நிமிரவில்லை. "இருக்கட்டும். கோடு இன்னும் முடியல."

இரண்டாம் நாள் இன்னொரு நூறு தப்படி. மறுபடி குரல். "நீ போனாலும் வா என்று சொல்லமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள்."

"இருக்கட்டும். கோடு இன்னும் முடியல."

மூன்றாம் நாள் அவள் உள்ளங்கை கொப்புளித்து மண்வெட்டிப் பிடி வழுக்கிற்று. அன்றைக்குக் குரல் மாறி வந்தது. அது மாதியின் குரல். இனிப்பான, இதமான குரல்.

"தங்கச்சி, நான் பிள்ளை பெற்ற அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். உன் மாவு வரவே இல்லையே, கண்ணே. இனி யாருக்காக இது? வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்."

கெம்பி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. அழுது முடிக்கிற அளவுக்கு அழுதாள். பிறகு மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள், எழுந்தாள், மண்வெட்டியைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "கோடு இன்னும் முடியல."

சரக். சரக்.

இப்போது அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தேன்மலைக்காரர்களும் ஒவ்வொரு வருஷமும் தங்கள் கல் வரை செதுக்கிவிட்டுத் திரும்புகிறவர்கள்தான். அன்றைக்கு அதே வேலையாக அவர்கள் கல்லருகே உட்கார்ந்து ஒருத்தி செதுக்கிக்கொண்டிருந்தாள். கெம்பி திறந்துவிட்ட வெறும்மண் வழியாகச் சத்தம் போய் அவள் காதில் விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ நடுப்பங்கைச் செதுக்குகிற சத்தம். புகை போடாமல், கேட்காமல், தங்கள் ஊருக்குக் கொள்ளி வைக்கிற சத்தம். அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"எவடி அவ? எங்க ஊரு செத்துப்போச்சுன்னு எவடி உனக்குச் சொன்னது? இங்க ஏழு வீட்டுல அடுப்பு எரியுது. கைய எடுடி எங்க பங்குலேர்ந்து!"

கெம்பியின் கையிலிருந்து மண்வெட்டி நழுவிற்று. இனிப்பாகப் பேசினது மாதி இல்லை. மாதி பிறந்ததிலிருந்து ஒரு நாளும் அவளிடம் இனிப்பாகப் பேசினது கிடையாது.

"அக்கா" என்றாள். "இன்னொரு தடவை திட்டுக்கா."

அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"...கெம்பியா?"

"இன்னொரு தடவை."

"தரித்திரம் பிடிச்சவளே" என்று தொடங்கிய மாதியால் அதற்குமேல் திட்ட முடியவில்லை. அவளும் செதுக்கத் தொடங்கினாள். மாவு வந்து சேராததால் பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்கு வலது கால் எழவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து செதுக்கினாள். இருபது தப்படி, பத்து, ஐந்து. மண்வெட்டியும் மண்வெட்டியும் முட்டின.

முதலில் இருவரும் பேசிக்கொண்டது கொஞ்சல் இல்லை, சண்டை.

"வருஷத்துக்கு மூணு புகை போட்டேன். நீ ஒண்ணுக்கும் பதில் போடல" என்றாள் மாதி.

"நானும்தான் போட்டேன். நீதான் போடல."

"பொய் சொல்லாத."

"எம் பாறையில வந்து பாரு, கரி எவ்வளவு கனம் ஏறியிருக்குன்னு."

மாதி தங்கையின் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருஷமும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள்.

மாதியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஏழு வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மசணி என்று பெயர். "அம்மா, பதில் சொல்லாத சின்னம்மா இவங்கதானா?" என்று கேட்டாள்.

கெம்பிக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. "ஆமா" என்றாள், "நான்தான்."

மறுநாள் தேன்மலை ஏழு வீட்டாரும் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து எருமைமலைப் பக்கத்து நடுப்பங்கைச் செதுக்கினார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு மனிதன் இருந்தான். பெள்ளன் என்று பெயர். அவனும் ஓர் எருமையும்தான் மிச்சம்.

"ரெண்டு ஊரும் போயிருச்சுன்னு நெனச்சேன்" என்றான் பெள்ளன். "ஆனா நடுப்பங்குல கை வைக்க மனசு வரல. வருஷா வருஷம் நெய் உருக்கி வெச்சேன், யாராச்சும் பிள்ளை பெத்திருப்பாங்கன்னு."

அவன் நெய்க்குடுவையை எடுத்து வந்தான். மாதி தேனை ஊற்றினாள். கெம்பி மூட்டையை அவிழ்த்தாள். மூன்றையும் பிசைந்து, ஏழு வருஷம் தாமதமாக, பேறுகால உருண்டை பிடித்தார்கள். மாதி தின்றாள். கால் அன்றைக்கே துள்ளிக் குதித்துவிடவில்லை, ஆனால் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள். மசணியும் ஓர் உருண்டை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, "உப்பில்ல" என்றாள்.

கடைசி நடுப்பங்கையும் செதுக்கியாயிற்று. புல்வெளியைச் சுற்றிக் கோடு முழுசாகச் சேர்ந்தது. பனிக்காலத்தின் கடைசி வாரம். மூவரும் அவரவர் பாறைக்குத் திரும்பினார்கள்.

சரியாக அன்றைக்குத்தான் ஏழு வருஷம் முடிந்தது. மஞ்சுமாயன் ராஜாவின் ஆளை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் நின்றான். "பாருங்கள், ஒரு குஞ்சுகூட இல்லை" என்றான். ராஜாவின் ஆள் மேலே பார்த்தார். எங்கும் பனிதான். சரி என்று ஓலையில் எழுத எழுத்தாணியைக் கையில் எடுத்தார்.

சாமைமலைப் பாறையில் கெம்பி பச்சை இலையைப் போட்டாள். புகை எழுந்தது. எதிரே வெள்ளைச் சுவர்தான். ஏழு வருஷமாகப் பார்த்த அதே சுவர். அக்காவைத் தொட்டு வந்த கை இன்னும் தேனில் பிசுபிசுத்தது, இருந்தும் அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் முறை போட்டாள், பதில் தெரியவில்லை. இரண்டாம் முறை போட்டாள், பதில் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் அது இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். கீழே இறங்கிக் கோட்டருகே போய்ப் புல்லில் தீயை வைத்தாள். அதே நேரத்தில் மாதியும் வைத்தாள், பெள்ளனும் வைத்தான்.

மூன்று பக்கத்திலிருந்தும் குளிர்நெருப்பு நடுவைப் பார்த்து நடந்தது. புல் எரிய எரியப் பனிக்கு வேர் போயிற்று. வேர் போன பனி கிழிந்து மேலே ஏறிற்று. புல்வெளியின் நடுவே கிடந்த சுரைக்குடுக்கை பட்டென்று வெடித்தது. கெம்பி ஓடிப் பாறைமேல் ஏறி மூன்றாம் முறை இலையைப் போட்டாள். எதிரே தேன்மலை நின்றது. அதில் ஒரு புகை. அந்தப் பக்கம் எருமைமலை நின்றது. அதில் ஒரு புகை.

அடிவாரத்தில் ராஜாவின் ஆள் விரலை நீட்டினார். "ஒன்று, இரண்டு, மூன்று." எழுத்தாணியை மடியில் செருகிக்கொண்டார். "ஆள் இருக்கிற மலையை ராஜா கொடுக்கமாட்டார்."

மஞ்சுமாயன் கிழிந்து மிச்சம் கிடந்த பனிக்குள் புகுந்து ஓடினான். அந்தப் பனியின் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே, உள்ளே நடந்தவரை அவரவர் வாசலில் கொண்டுபோய் விடும். அவனுக்கு வாசல் இல்லை. ஆகவே அவன் நடந்துகொண்டே இருந்தான். கரடி அவனைக் கண்டுகொள்ளவில்லை. அதற்கு அன்றைக்குத் தேன்மலையில் விருந்து.

பிறகு இளம்புல் வந்தது. ஊற்றில் முதலில் ஈரம், அப்புறம் கசிவு, அப்புறம் தண்ணீர். கீழ்நாட்டுக்குப் போனவர்களில் சிலர் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. கதை என்பதற்காக எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அதெல்லாம் மழைக்குப் பிறகு. நெருப்பு வைத்த நாளுக்கு மறுநாள் தேன்மலைக்கு வந்த கெம்பியிடம் மாதி சொன்னாள்: "காலி ஊர்ல தனியா என்ன பண்ணுவ? எங்கூடவே இருந்துடு."

கெம்பி மறுத்துத் தலையாட்டினாள். "அங்க புகை போட ஆளில்லக்கா. நான் இறங்கிட்டா அது ஆளில்லாத மலையாயிரும்."

மாதி திட்டினாள். கெம்பி கேட்டுக்கொண்டே இறங்கி, வெறும்மண் கோட்டின் வழியே நடந்து, பெருக்கி வைத்த நாற்பது வீடுகளுக்கு நடுவே போய் நின்றாள். யாரும் இல்லை. அதே அமைதி. வெயில் சாயும் நேரம் பாறையில் ஏறினாள். விழா இல்லை, வேலை இல்லை, சொல்லச் செய்தியும் இல்லை. சும்மா ஒரு கை இலையைப் போட்டாள்.

தேன்மலையிலிருந்து பதில் வந்தது. கோணலும் மாணலுமாக, இலையை அளவில்லாமல் அள்ளிப் போட்ட புகை. மாதி போட்டது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. சின்னக் கை.

"இலை ரொம்ப ஜாஸ்தி" என்றாள் கெம்பி, யாரும் கேட்காத மலையில், வாய்விட்டு. சொல்லிவிட்டு இன்னொரு கை இலையைப் போட்டாள்.

மூன்று மலையிலும் புகை நின்றது, கதையும் அங்கேயே நின்றது. கேட்டவர்களில் யாராவது ஒருவருக்குப் பதில் போடாமல் வைத்திருந்தால், எழுந்து போய் அந்தப் பதிலைப் போடுங்கள்.